நிதி இல்லையா, தலைப்பு இல்லையா: மலை நகராட்சிகளில் வீட்டு மானியமும் வார்டுப் பணிகளும்

28.01.2025 | மேல்கரை

ஜனவரி 26 பகுதி சபையில் (வார்டு மக்கள் கூடிக் கோரிக்கை வைக்கிற நகராட்சிக் கூட்டம்) நீலகிரியில் இருக்கிற எங்கள் வார்டுக்கு மூன்று விஷயம் கேட்டோம். படிக்கட்டுப் பாதை ஓரம் தடுப்புச் சுவர், பதினோரு குடும்பத்துக்கு வீட்டு மானியம், பூட்டியே கிடக்கிற சமுதாயக் கூடத்துக்கு ஒரு காவலாள். மூன்றுக்கும் ஒரே பதில்: நிதி இல்லை. அதே கூட்டத்தில் குப்பைக் கிடங்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் பெரிய தொகை ஒதுக்கியதாகப் படித்தார்கள். கவுன்சிலருக்குச் செல்வாக்கு இருந்தால் வருகிறது, இல்லாவிட்டால் இல்லை என்பதுதான் என் முடிவு. தப்பென்றால் விவரத்தோடு சொல்லுங்கள்.

28.01.2025 | எஸ்டிமேட் தாத்தா

செல்வாக்கு கால்வாசி, தம்பி. முக்கால்வாசி தலைப்பு, அதாவது எந்தப் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்கிற கணக்குத் தலைப்பு. நீங்கள் கேட்ட மூன்றும் மூன்று வெவ்வேறு பெட்டியிலிருந்து வரவேண்டியவை. அதில் ஒரு பெட்டியின் சாவி நகராட்சியிடமே கிடையாது.

முதலில் பெட்டிகள். தமிழ்நாட்டு நகராட்சியில் கணக்கு மூன்றாகப் பிரிந்திருக்கும்: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, கல்வி நிதி. சொத்துவரி ரசீதில் கல்வி வரி என்று ஒரு வரி இருக்குமே, அது கல்வி நிதிக்குப் போகும். பள்ளிக் கட்டடத்துக்கு எடுக்கலாம், உங்கள் படிக்கட்டுக்கு எடுக்க முடியாது. நூலக வரி ரூபாய்க்குப் பத்துப் பைசா. நகராட்சி வசூலித்து நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைப்பதோடு சரி.

மேலிருந்து வருவதில் பெரியது இரண்டு. ஒன்று மாநில நிதி ஆணைய மானியம். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காடு உள்ளாட்சிகளுக்குப் பகிரப்படுகிறது, அதில் நம் பங்கு. பழைய கடன் தவணை போன்றவற்றைப் பிடித்துக்கொண்டு மீதிதான் கைக்கு வரும். அதிலும் பெரும்பகுதி சம்பளம், ஓய்வூதியம், மின்கட்டணத்துக்கே போய்விடும்.

மற்றொன்று, மத்திய அரசின் பதினைந்தாவது நிதி ஆணைய மானியம், 2021-22 முதல் 2025-26 வரை. பத்து லட்சம் மக்கள்தொகை இல்லாத ஊர்களுக்கு 100 ரூபாய் வந்தால் 30 ரூபாய் குடிநீர், மழைநீர் சேமிப்பு, நீர் மறுபயன்பாட்டுக்கு. இன்னொரு 30 துப்புரவுக்கும் திடக்கழிவுக்கும். மீதி 40தான் கட்டுப்படாத பணம், அதையும் சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் தொடக்கூடாது. உங்கள் கூட்டத்தில் குப்பைக்கும் குழாய்க்கும் பெரிய தொகை படித்ததற்கு யாருடைய செல்வாக்கும் காரணமல்ல. அந்த 60 ரூபாயை வேறு எதிலும் போட முடியாது.

சுவர் அந்த 40க்குள் போட்டியிடவேண்டும். காவலாள் அதற்குள்ளும் வரமாட்டார். வீட்டு மானியம் இந்த மானியம் எதிலும் இல்லை. அதை நாளை எழுதுகிறேன், நீளமானது.

28.01.2025 | நாயுடுபுரம்

கொடைக்கானலிலிருந்து ஒரு சேர்க்கை. இந்த 100 ரூபாய் எத்தனை என்று முடிவாவதே 2011 கணக்கெடுப்பை வைத்துத்தான். கொடைக்கானல் 36,501 பேர், குன்னூர் 45,494, உதகை 88,430. மே மாதம் ஏரியைச் சுற்றி நிற்கிற கூட்டம் அந்தக் கணக்கில் கிடையாது. ஆனால் அவர்கள் போடுகிற குப்பையும் குடிக்கிற தண்ணீரும் நம் கணக்கில் உண்டு.

29.01.2025 | எஸ்டிமேட் தாத்தா

நாயுடுபுரம் சொல்வது சரி. மலை ஊர்களின் அடிப்படைச் சிக்கலே அதுதான். ஆள் கணக்கு டிசம்பர் மாதத்து மழைநாளுக்கு, செலவு மலர்க் கண்காட்சி வாரத்துக்கு.

இனி வீடு.

நகரப் பகுதியில் சொந்த மனையில் தானே கட்டிக்கொள்பவருக்கான மானியம் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவில் வருகிறது. 25.06.2015இல் தொடங்கிய முதல் சுற்றில் மத்திய அரசு 1.50 லட்சம், தமிழ்நாடு 60,000, ஆக 2.10 லட்சம். 01.09.2024 முதல் இரண்டாம் சுற்று. மத்தியப் பங்கு அதே 1.50, மாநிலப் பங்கு குறைந்தது 1 லட்சம் என்று விதி. வீட்டின் உள்பரப்பு 30 முதல் 45 சதுர மீட்டர். குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள். இந்தியாவில் எங்கும் குடும்பத்தார் யார் பெயரிலும் கான்கிரீட் வீடு இருக்கக்கூடாது.

இந்தப் பணம் நகராட்சி மன்றத்தின் ஒதுக்கீடே அல்ல. மனு நகராட்சியிலோ நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திலோ (2021 வரை குடிசை மாற்று வாரியம்) சேரும். களத்தில் சரிபார்த்து, பெயர்களை ஒரு திட்ட அறிக்கையாகத் தொகுப்பார்கள். அது மாநில அளவிலான ஒப்புதல் குழுவுக்குப் போகும், அங்கிருந்து மத்தியக் குழுவுக்கு. வந்த பிறகு பணம் பயனாளியின் வங்கிக் கணக்குக்கு நேரே வரும், கட்டிய அளவுக்கு: அடித்தளம், லிண்டல் (கதவு, சன்னலுக்கு மேல் வரும் விட்டம்), கூரை, முடிப்பு. ஒவ்வொரு கட்டத்திலும் இடக்குறியீட்டோடு படம் எடுத்து ஏற்றினால்தான் அடுத்தது. தொகுப்பு மூடியபின் வந்த மனு அடுத்த தொகுப்புக்குக் காத்திருக்கும். அப்போது சொல்கிற வார்த்தையும் ‘நிதி இல்லை’தான். உண்மையான பொருள் ‘பட்டியல் மூடிவிட்டது’.

அதனால் பதினோரு பேரும் கேட்கவேண்டிய கேள்வி இது: எங்கள் மனு எந்தத் தொகுப்பில் இருக்கிறது, இல்லையென்றால் எந்தத் தாள் குறைவு?

29.01.2025 | ஓவேலி ரோடு

தாத்தா, ஒரு சந்தேகம். இரண்டாம் சுற்றில் மலைக்குக் கூடுதல் என்று எங்கோ படித்தேனே?

29.01.2025 | எஸ்டிமேட் தாத்தா

மலை மாநிலத்துக்குக் கூடுதல், மலை மாவட்டத்துக்கு அல்ல. வடகிழக்கு மாநிலங்கள், இமாச்சலம், உத்தராகண்டு, ஜம்மு-காஷ்மீர் ஆகியவற்றுக்கு மத்தியப் பங்கு 2.25 லட்சம். அதே வரிசையில் டெல்லியும் புதுச்சேரியும் உண்டு. கடல் மட்டத்தில் கடற்கரைச் சாலை போட்டிருக்கிற புதுச்சேரிக்கு 2.25, ஏழாயிரம் அடிக்கு மேல் இருக்கிற உதகைக்கு 1.50. சட்டமன்றம் உள்ள ஒன்றியப் பகுதி என்கிற கணக்கில் அது நுழைந்திருக்கிறது, உயரத்தால் அல்ல.

29.01.2025 | நாயுடுபுரம்

அப்ப எங்க மலைக்கிராமம் பூம்பாறையை ஒன்றியப் பகுதி ஆக்கிடலாம்.

30.01.2025 | எஸ்டிமேட் தாத்தா

மேல்கரை தனிச்செய்தியில் பதினோரு குடும்பத்தின் தாள்களைப் பற்றிக் கேட்டிருந்தார். பொதுவாகவே பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன். நீலகிரியில் மனு விழுவது பெரும்பாலும் மூன்று இடத்தில்.

கூட்டுப் பட்டா. ஹட்டிகளில் (படகர் ஊர்களில்) நிலம் பாட்டன் பெயரிலேயே இருக்கும், பேரன்கள் ஆறு வீட்டில் குடியிருப்பார்கள். மனுவில் ஒரு பெயர், பட்டாவில் ஒன்பது பெயர். வாரிசுச் சான்று வாங்கி, பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்குவதுதான் நேர்வழி. நில அளவர் வந்து உட்பிரிவு முடிய மாதக்கணக்கு ஆகும். திட்டம் அறிவித்தபிறகு இதைத் தொடங்கினால் அந்தத் தொகுப்பு கைநழுவியது என்றே வையுங்கள். வீடு குடும்பத் தலைவி பெயரிலோ கூட்டாகவோ இருக்கவேண்டும் என்பதும் உண்டு. பட்டா கணவரின் அண்ணன் பெயரில் இருந்தால் ஒரு கையெழுத்தில் தீராது.

நிலப் பயன்பாடு. பட்டா தெளிவாக இருக்கும், ஆனால் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) அந்தப் புல எண் விவசாய மண்டலம். தேயிலைச் செடியைப் பிடுங்கிவிட்டு மனை என்று சொல்ல முடியாது. மலைவாழிடங்களுக்கான கட்டட விதி 1993 முதல் தனியாக இருக்கிறது, உயரம் 7 மீட்டருக்குள். 300 சதுர அடி வீட்டுக்கு உயரம் ஒரு தடையே இல்லை, மண்டலமும் சரிவும்தான் தடை. கட்டட அனுமதி இல்லாமல் முதல் தவணைக்குப் படம் எடுக்கமாட்டார்கள்.

மூன்றாவது கூடலூர் ஜென்மம் நிலம், அதாவது முன்பு ஜென்மி என்கிற நிலவுடைமையாளரிடம் இருந்த நிலம். அது தனிக்கதை, ஓவேலி ரோடு எழுதட்டும்.

30.01.2025 | ஓவேலி ரோடு

எழுதுகிறேன், சுருக்கமாக. கூடலூர் ஜென்மம் எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டம் 1969இல் வந்தது, 1974 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. சாகுபடியில் இருப்பதை நிரூபித்தவர்களுக்கு ரயத்துவாரிப் பட்டா (அரசிடமிருந்து நேரடி உரிமை) கிடைத்தது. குத்தகைத் தோட்டங்கள் அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் மாட்டிக்கொண்டன, வழக்கு நீண்டுகொண்டே போகிறது. அந்தப் புல எண்களில் குடியேறியவர்களுக்கு வரி ரசீது இருக்கும், ரேஷன் அட்டை இருக்கும், வாக்கு இருக்கும். பட்டா இருக்காது. சொந்த மனையில் கட்டுபவருக்கான மானியம் அங்கே முதல் வரியிலேயே நின்றுவிடும்.

இன்னொரு கூத்து. ஓவேலி, சோலூர், நடுவட்டம், தேவர்சோலை எல்லாம் பேரூராட்சி. முற்றத்தில் யானை வந்து பலா தின்கிற இடம் சட்டப்படி நகரம். அதனால் நூறுநாள் வேலை கிடையாது, ஊரக வீட்டுத் திட்டம் கிடையாது. கலைஞர் கனவு இல்லம் (2024-25 தொடக்கம், 360 சதுர அடி, 3.50 லட்சம்) ஊராட்சிக்கு மட்டும். எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊராட்சியில் அதே மழை, அதே சரிவு, மானியம் மட்டும் வேறு.

31.01.2025 | எஸ்டிமேட் தாத்தா

ஓவேலி ரோடு சொன்னதை வைத்து என் முதல் குறிப்பைக் கொஞ்சம் மாற்றவேண்டும். ‘முக்கால்வாசி தலைப்பு’ என்றேன். அதற்கும் முன்னால் ‘எந்த உள்ளாட்சி’ என்று ஒன்று இருக்கிறது. வீடு எந்தப் புல எண்ணில், அது நகராட்சியா பேரூராட்சியா ஊராட்சியா வெலிங்டன் கன்டோன்மென்டா என்பதை முதலில் பாருங்கள். கன்டோன்மென்டு 2006ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தில் ஓடுகிறது, பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ். நகராட்சியில் மனு கொடுத்துவிட்டு ஆறு மாதம் காத்திருந்து பயனில்லை.

பேரூராட்சிக்கு வேலைவாய்ப்பு வழி முழுக்க அடைப்பு என்றும் சொல்லமுடியாது. 2022 முதல் மாநில அரசின் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் இருக்கிறது, ஆனால் தேர்ந்தெடுத்த ஊர்களில் மட்டும்.

பழங்குடியினர் வீட்டுக்கு 15.11.2023இல் தொடங்கிய பிஎம் ஜன்மன் என்கிற மத்தியத் திட்டம் தனித்தடம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறும் தமிழ்நாட்டின் குறிப்பாக நலிந்த பழங்குடிகள். ஆறும் நீலகிரியில் உண்டு. வீட்டுக்கு மத்தியக் கணக்கு 2 லட்சம். இதை நகராட்சி மன்றத்தில் கேட்பதைவிட ஊரக வளர்ச்சித் துறையிலும் பழங்குடியினர் நல அலுவலகத்திலும் கேட்பது நேர்வழி.

தோட்ட லயன் வீடுகளையும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இதோடு சேர்த்துக் குழப்பவேண்டாம். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது முதலே குடியிருப்பு தருவது தோட்ட முதலாளியின் கடமை. லயன் கூரை ஒழுகுகிறது என்று நகராட்சிப் பணத்தில் தகரம் போட்டால் தணிக்கையில் எழுதிவிடுவார்கள்.

01.02.2025 | மேல்கரை

இதுவரை புரிந்தது: வீடு நகராட்சிப் பணம் இல்லை, காவலாள் மானியப் பணத்தில் இல்லை. சுவர்தான் மிச்சம். எங்கள் பாதை ஓரம் சுமார் 8 மீட்டர் நீளம், ஆள் உயரத்துக்குச் சற்றுமேல். சின்ன வேலைதானே?

01.02.2025 | எஸ்டிமேட் தாத்தா

சின்ன வேலை என்று மலையில் எதையும் சொல்லாதீர்கள். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

8 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரம் என்று வைப்போம். கருங்கல் கட்டுச் சுவருக்கு அடி அகலம் உயரத்தில் பாதியாவது வேண்டும், ஆக 1 மீட்டர். உச்சி அரை மீட்டர். சராசரி 0.75. 8 × 2 × 0.75 = 12 கன மீட்டர், அஸ்திவாரம் தனி. ஒரு யூனிட் என்பது 100 கன அடி, 2.83 கன மீட்டர். ஆக நாலேகால் யூனிட் கல்.

ஒப்பிட்டுப் பாருங்கள். மானிய வீட்டின் கூரை 30 சதுர மீட்டர், 125 மில்லிமீட்டர் கனம் என்றால் 3.75 கன மீட்டர் கான்கிரீட். கன மீட்டருக்கு 8 மூட்டை என்று 30 மூட்டை சிமெண்ட், கம்பி சுமார் 300 கிலோ. வீட்டுக் கூரையைப் போல மூன்று மடங்கு பருமன் உங்கள் ‘சின்ன’ சுவர்.

இதில் இன்னொன்றும் தெரியும். சரிவில் மண் வெட்டி மனை எடுக்கிற பயனாளிக்கும் இதே சுவர் வேண்டும், வீட்டுக்குப் பின்னால். 2.10 லட்சக் கணக்கு போட்டவர்கள் சமதளத்து மனையைத்தான் மனதில் வைத்திருந்தார்கள். மானிய வீடுகள் மலையில் லிண்டல் மட்டத்தில் நின்றுபோவதற்குச் சோம்பல் காரணமல்ல. முதல் தவணை முழுக்கப் பின்சுவருக்குள் போய் மண்ணுக்கடியில் நிற்கும். அது படத்தில் வீடாகத் தெரியாது.

02.02.2025 | எஸ்டிமேட் தாத்தா

நேற்றைய கணக்கில் பிழை. நாலேகால் யூனிட் என்றது கட்டி முடித்த சுவரின் பருமன். லாரியில் வருகிற கல்லில் இடைவெளி இருக்கும். ஒரு கன மீட்டர் கட்டுக்கு ஒன்றேகால் கன மீட்டர் கல் பிடிக்கும். 15 கன மீட்டர், ஐந்தேகால் யூனிட். கலவை 1:6 என்றால் எம்-சாண்ட் கிட்டத்தட்ட ஒன்றரை யூனிட், சிமெண்ட் 21 மூட்டை. நாலேகால் என்று எழுதிக்கொடுத்து மன்றத் தீர்மானம் வாங்கியிருந்தால் சுவர் முழு உயரம் எட்டாமல் நின்றிருக்கும்.

விட்டுப்போன மூன்று. ஒன்று நீர்த்துளை: ஒன்றரை மீட்டருக்கு ஒன்று, 75 அல்லது 100 மில்லிமீட்டர் குழாய், சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பல். இதை மதிப்பீட்டில் எழுதாமல் விட்டால் ஒப்பந்ததாரர் போடமாட்டார், போடாத சுவர் முதல் பெருமழையில் வயிறு தள்ளும். சுவரைச் சாய்ப்பது மண்ணின் பாரத்தைவிட உள்ளே தேங்குகிற தண்ணீர். 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த மண்சரிவுக்குப் பிறகும் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

இரண்டு, தலைச்சுமை. லாரி நிற்கிற இடத்திலிருந்து படிக்கட்டு வழியே எத்தனை மீட்டர், எத்தனை ஏற்றம் என்று மதிப்பீட்டில் தனி இனமாக வரவேண்டும். இல்லையென்றால் ஒருவரும் டெண்டர் போடமாட்டார், அல்லது மதிப்பீட்டுக்கு மேல் விலை போடுவார். மலைக்கு ஒப்பந்ததாரரே குறைவு. மறு டெண்டர் என்றால் ஒரு பருவம் போச்சு.

மூன்று, மண் தோண்டும் இயந்திரம். நீலகிரியில் ஆட்சியர் அனுமதி இல்லாமல் இறக்கமுடியாது. கையால் வெட்டுவதாக மதிப்பிட்டால் கூலி வேறு.

02.02.2025 | நாயுடுபுரம்

கொடையிலும் பொக்லைனுக்கு இதே கட்டுப்பாடுதான். ஒரு கேள்வி: சுவருக்கு எம்எல்ஏ நிதி கேட்டால் என்ன? நிதி ஆணையத்தின் 40 ரூபாயில் சண்டை போடுவதைவிட எளிதில்லையா?

03.02.2025 | எஸ்டிமேட் தாத்தா

கேட்கலாம். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. ஆனால் தொகுதி எல்லையைப் பாருங்கள். நீலகிரி நாடாளுமன்றத் தொகுதியில் உதகை, கூடலூர், குன்னூரோடு மேட்டுப்பாளையம், அவினாசி, பவானிசாகரும் உண்டு. அந்த 5 கோடி ஆறு சட்டமன்றத் தொகுதிக்குப் பிரியவேண்டும். உங்கள் கொடைக்கானல் பழனி தொகுதியில் இருக்கிறது. அடிவாரத்து வாக்கும் மலை வாக்கும் எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

நீலகிரிக்கு மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்திலிருந்து ஓடியது, கொடைப் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை மேம்பாட்டுத் திட்டம். 2015-16இல் மத்திய அரசு கைவிட்டது. மாநிலம் சிறப்புப் பகுதி மேம்பாட்டுத் திட்டம் என்ற பெயரில் சொந்தப் பணத்தில் தொடர்கிறது. தடுப்புச் சுவர், நடைபாலம், மண் பாதுகாப்பு போன்றவற்றுக்கு இதுதான் பொருத்தமான பெட்டி. மாவட்ட அளவில் ஆண்டுச் செயல்திட்டம் போடுவார்கள். அதில் நுழைய நகராட்சி முன்மொழிவு அனுப்பவேண்டும். அனுப்பியதா என்று பகுதி சபையில் கேட்டுப் பதிவு செய்யுங்கள். ‘சுவர் வேண்டும்’ என்ற கோரிக்கையைவிட இந்தக் கேள்விக்கு வலு அதிகம்.

நமக்கு நாமே திட்டம் இன்னொரு வழி. மக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒன்று. 6 லட்சம் மதிப்பீடு என்றால் 2 லட்சம் முன்பணமாகக் கட்டவேண்டும். கூலிக்காரர் வாழ்கிற வார்டில் யார் கட்டுவது? ரிசார்ட் இருக்கிற வார்டில் இது ஜோராக நடக்கும். பணம் இருக்கிற இடத்துக்கே மானியமும் ஓடுகிற திட்டம் என்பது என் குறை, திட்டம் நன்றாகவே ஓடுகிறது.

03.02.2025 | ஓவேலி ரோடு

சமுதாயக் கூடம் கதையை மறந்துவிட்டீர்கள்.

04.02.2025 | எஸ்டிமேட் தாத்தா

மறக்கவில்லை, தள்ளிப்போட்டேன். கட்டுவதற்குப் பணம் தருபவர்கள் நிறைய, கல்வெட்டில் பெயர் வரும். விளக்கு எரிக்கவும் பெருக்கவும் பூட்டைத் திறக்கவும் எந்த மானியமும் பணம் தராது. அது நகராட்சியின் சொந்த வருவாய்: சொத்துவரி, கடை வாடகை, கட்டணம். அங்கே இழுபறி என்றால் முதலில் பூட்டு விழுவது சமுதாயக் கூடத்துக்கும் பொதுக் கழிப்பிடத்துக்கும்தான்.

காவலாள் கேட்டால் பணியிடம் உருவாக்கவேண்டும், அது மன்றத்தால் மட்டும் ஆகிற காரியமில்லை. கேட்கவேண்டியது வேறு. கூடத்தைப் பகுதியின் மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டமைப்புக்குப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் விடுங்கள், வாடகையை மன்றம் நிர்ணயிக்கட்டும், அதில் ஒரு பங்கு நகராட்சிக்கு, மீதியில் மின்கட்டணமும் துப்புரவும். தீர்மானத்தில் மூன்று விஷயம் தெளிவாக இருக்கவேண்டும்: மின் இணைப்பு யார் பெயரில், கூரை ஒழுகினால் யார் செலவு, சாவுச் சடங்குக்குக் கட்டணம் உண்டா இல்லையா. மூன்றாவதை எழுதாமல் விட்டால் முதல் வருடமே சண்டை வரும்.

சொந்த வருவாய் மானியத்தோடும் கட்டப்பட்டிருக்கிறது. சொத்துவரிக்குக் குறைந்தபட்ச வீதம் அறிவித்து, வசூலை மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப ஏற்றவேண்டும், தணிக்கைக் கணக்கை இணையத்தில் போடவேண்டும் என்பது பதினைந்தாவது நிதி ஆணையத்தின் நிபந்தனை. 2022 ஏப்ரலில் 600 சதுர அடி வரை 25 விழுக்காடு, 1800க்கு மேல் 100 விழுக்காடு என்று சொத்துவரி ஏறியதற்குப் பின்னால் இதுவும் இருக்கிறது. வார்டில் வரி பாக்கி எவ்வளவு என்று பகுதி சபையில் நீங்களே கேளுங்கள். சங்கடமான கேள்விதான்.

05.02.2025 | மேல்கரை

சரி, செல்வாக்கு என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். அரைவாசி. அடுத்த பகுதி சபை ஏப்ரல் 14. அதற்குள் சுவருக்கு என்ன செய்யலாம்?

05.02.2025 | எஸ்டிமேட் தாத்தா

ஏப்ரல் 14 தாமதம். ஜனவரி 26, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 என்ற நான்கு நாளும் மலைக்காரர் பார்த்து வைத்ததல்ல. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை பிழியும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூனில் தென்மேற்கு தொடங்கிவிடும். இடையில் உதகையில் ஜனவரி உறைபனி, சிமெண்ட் மெதுவாக இறுகும், பலகை பிரிக்க அவசரப்படக்கூடாது. நல்ல வேலைக்காலம் பிப்ரவரி முதல் மே வரை. அந்த நான்கு மாதத்துக்குள்தான் மார்ச் 31 நிதியாண்டு முடிவும், ஏப்ரலில் சீசன் நெரிசலும், மேயில் ஆள் பற்றாக்குறையும். 2024 மே முதல் மலைக்கு வரும் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வேறு.

பின்னாலிருந்து எண்ணுங்கள். டெண்டர் 2 கோடிக்குள் என்றால் குறைந்தது 15 நாள் அவகாசம். அதற்கு முன் தொழில்நுட்ப அனுமதி, அதற்கு முன் நிர்வாக அனுமதி, அதற்கு முன் மன்றத் தீர்மானம், அதற்கு முன் இளநிலைப் பொறியாளரின் மதிப்பீடு. அடுத்த பிப்ரவரியில் கல் இறங்கவேண்டுமென்றால் செப்டம்பர் 15 பகுதி சபையில் மதிப்பீட்டு எண்ணைக் கேட்கிற நிலையில் நீங்கள் இருக்கவேண்டும். கோரிக்கை இந்த மாதமே எழுத்தில் போகட்டும். நீளம், உயரம், லாரி நிற்குமிடத்திலிருந்து தூரம், படிகளின் எண்ணிக்கை, கீழே எத்தனை வீடு, புல எண் ஆகியவற்றோடு படமும் இணையுங்கள். ஒப்புகை வாங்குங்கள்.

புல எண்ணை மறக்கவேண்டாம்.

09.02.2025 | மேல்கரை

அதைத்தான் பார்த்துவிட்டு வருகிறேன். நில அளவை வரைபடத்தில் படிக்கட்டுப் பாதை நகராட்சிப் பெயரில் இல்லை. மேலே பாதி புறம்போக்கு, கீழே சுவர் வரவேண்டிய 8 மீட்டரும் தோட்டத்து நிலம். நாற்பது வருடமாக ஊரே நடக்கிறது.

09.02.2025 | நாயுடுபுரம்

போச்சு.

10.02.2025 | எஸ்டிமேட் தாத்தா

போகவில்லை, திசை மாறுகிறது. தனியார் நிலத்தில் நகராட்சிப் பணத்தைக் கொட்டினால் தணிக்கை தடை. எம்எல்ஏ, எம்பி நிதிக்கும் அதே தடை. தோட்ட நிர்வாகம் பாதை அகலத்தையும் சுவரின் அடி 1 மீட்டரையும் அஸ்திவார வெளிநீட்டத்தையும் சேர்த்து ஆணையர் பெயருக்குத் தானப் பத்திரம் பதிந்து கொடுக்கவேண்டும். பாதையை மட்டும் எழுதிவிட்டுச் சுவர் நிற்கிற இடத்தை விட்டுவிடுவார்கள், கவனம். கையெழுத்து போடுபவருக்கு நிறுவனத்தின் தீர்மான அதிகாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மேலாளர் கடிதம் போதாது. பிறகு உட்பிரிவு, பிறகு நகராட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஏற்றல். அதன்பிறகு மதிப்பீடு.

சுவர் சரிந்தால் தோட்டத்தின் செடியும் சேர்ந்தே கீழே வரும். பேச்சை அங்கிருந்து தொடங்குங்கள்.

10.02.2025 | மேல்கரை

வியாழக்கிழமை தோட்ட அலுவலகம் போகிறோம். பதினோரு குடும்பத்தில் நான்கு பேருக்குத் தனிப்பட்டா இருக்கிறது, மனுவைப் புதுப்பித்துக் கொடுத்தாயிற்று, ஒப்புகை வந்தது. ஏழு பேர் கூட்டுப் பட்டா. வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று.